பாத்ரூம் லைட்டுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் எந்த சென்சார் வாங்கலாம்?

எனக்கு வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் அடுக்குமாடி வீடு, இரண்டு பாத்ரூம். ஒன்று ஏசி போட்ட படுக்கையறையோடு சேர்ந்தது. அதில் குளிக்கும் இடத்தைக் கண்ணாடி போட்டுத் தடுத்திருக்கிறார்கள், ஜன்னல் இல்லை. இன்னொன்று ஹாலை ஒட்டிய பொது பாத்ரூம். பிவிசி கதவு, மேலே வென்டிலேட்டர். 78 வயது மாமியார் ராத்திரியில் மூன்று நான்கு முறை எழுந்து போவது இந்த பாத்ரூமுக்குத்தான். இரண்டு இடத்திலும் லைட்டும் ஃபேனும் தானாகவே போட்டு அணைய வேண்டும். பாத்ரூமுக்கு ஒரு சென்சார் மாட்டி லைட்டையும் ஃபேனையும் அதிலேயே சேர்த்துவிடலாம் என்று எலெக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறார். கடையில் மைக்ரோவேவ் சென்சார்தான் உசத்தி என்கிறார்கள். எதை வாங்குவது?

இருபது வருடத்துக்கு மேல் வீட்டு ஒயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: எந்த சென்சார் வாங்கினாலும் சரி, லைட்டையும் ஃபேனையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். லைட் வேண்டியது ஆள் உள்ளே இருக்கும்போது. ஃபேனுக்கு முக்கியமான வேலையே ஆள் வெளியே வந்த பிறகுதான் தொடங்குகிறது. குளித்து முடித்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாலும் தரையில் தண்ணீர் நிற்கும், டைல்ஸில் வழியும், துண்டு ஈரமாகத் தொங்கும். அந்த ஈரமெல்லாம் அடுத்த கால் மணி நேரத்துக்குக் காற்றில் ஏறிக்கொண்டே இருக்கும். லைட் அணையும்போதே ஃபேனும் நின்றுவிட்டால், ஈரம் உள்ளேயே தங்கி மூலையில் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும், மரக்கதவாக இருந்தால் அடிப்பகுதி உப்பிவிடும். பிரிட்டனில், திறக்கக்கூடிய ஜன்னல் இல்லாத பாத்ரூமில் ஆள் போன பிறகும் ஃபேன் 15 நிமிடம் ஓட வேண்டும் என்று கட்டட வழிகாட்டு நெறியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் பாத்ரூமில் பக்கெட்டும் மக்குமாகக் குளித்துத் தரை முழுக்க நனைகிறது. அந்த 15 நிமிடம் நமக்கும் குறைந்தபட்சம் வேண்டும்.

சேர்த்துக் கட்டினால் இன்னொரு சிக்கலும் வரும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான சென்சார்களின் அடியில் மூன்று சின்னத் திருகுகள் இருக்கும். சென்ஸ் என்பது எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதற்கு. டைம் என்பது அசைவு நின்ற பிறகு எவ்வளவு நேரம் கழித்து அணைய வேண்டும் என்பதற்கு. லக்ஸ் என்பது எவ்வளவு இருட்டினால் வேலை செய்ய வேண்டும் என்பதற்கு; நிலாப் படத்தின் பக்கம் திருப்பினால் இருட்டில் மட்டும், சூரியப் படத்தின் பக்கம் திருப்பினால் பகலிலும் வேலை செய்யும். வென்டிலேட்டர் வெளிச்சம் வருகிற பாத்ரூமில் பகலில் லைட் எரிய வேண்டாமே என்று லக்ஸைக் குறைத்து வைப்பீர்கள். அதே சென்சாரில் ஃபேனும் இருந்தால் பகலில் ஃபேனும் ஓடாது. ஃபேன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஃபேன் நன்றாகத்தான் இருந்தது, திருகு நிலாப் படத்தின் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, இப்போது சென்சார் வகைகள்.

பிஐஆர் என்பது வெப்பத்தைப் பார்க்கிற சென்சார். அதிலிருந்து எதுவும் வெளியே வராது. நம் உடம்பு விடுகிற அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். மேலே இருக்கும் பால் நிற பிளாஸ்டிக் மூடியை அருகில் வைத்துப் பாருங்கள், தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டமும் அறையின் ஒரு துண்டைப் பார்க்கும் லென்ஸ். ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு வெப்பம் நகர்ந்தால் உள்ளே இருக்கும் ரிலே என்கிற சின்ன ஸ்விட்ச் டக்கென்று விழுந்து லைட்டைப் போடும். அதனால் சென்சாருக்குக் குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும். அதை நோக்கி நேராக நடந்தால் கொஞ்சம் தாமதிக்கும். அசையாமல் உட்கார்ந்தால் ஆள் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும்.

பாத்ரூமில் பிஐஆருக்கு மூன்று பலவீனங்கள். ஒன்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதற்குத் தெரியாது. நம் கண்ணுக்குத் தெரிகிற கண்ணாடி, உடம்பு விடுகிற அகச்சிவப்புக்குச் சுவர் மாதிரி. கண்ணாடித் தடுப்புக்குள் குளித்துக்கொண்டிருப்பவர் சோப்புக் கண்ணோடு இருட்டில் நிற்பது இதனால்தான். இரண்டாவது, வெயில் காலம். பிஐஆர் பார்ப்பது உடம்புக்கும் சுற்றியிருக்கும் சுவருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை. நம் தோல் 33, 34 டிகிரியில் இருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற பாத்ரூமில் மே மாத மத்தியானம் சுவரும் அதே சூட்டுக்கு வந்துவிடும். ஜனவரியில் பத்தடி தூரத்தில் பிடித்த சென்சார் மே மாதத்தில் ஐந்தடிக்கு வந்தால்தான் பிடிக்கும். சின்ன பாத்ரூமில் இது பெரிய தொல்லை இல்லை, ஆனால் சென்ஸ் திருகைக் குளிர் காலத்தில் அளவு பார்த்து அப்படியே விட்டுவிடக்கூடாது. மூன்றாவது, லென்ஸ் மேலேயே பூச்சியோ பல்லியோ ஊர்ந்தால் லைட் போட்டுக்கொள்ளும். ராத்திரி ஆளில்லாமல் லைட் எரிந்தது என்று பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன், பெரும்பாலும் காரணம் இதுதான்.

மைக்ரோவேவ் சென்சார் வேறு மாதிரி. அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருகிற அலையில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும். வீட்டுக்கு விற்பதில் பெரும்பாலானவை 5.8 கிகாஹெர்ட்ஸ். வெயில், குளிர் எதுவும் அதைப் பாதிக்காது. கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் பார்க்கும். கடைக்காரர் உசத்தி என்று சொன்னது இதனால்தான், அது பொய்யில்லை. ஆனால் கண்ணாடியைத் தாண்டுகிற அலை பிவிசி கதவையும் தாண்டும், பிளைவுட்டையும் தாண்டும், நாலரை அங்குலச் சுவரையும் கொஞ்சம் தாண்டும். உங்கள் பொது பாத்ரூமில் இதைப் போட்டால் ஹாலில் யார் நடந்தாலும் உள்ளே லைட் எரியும்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. வேளச்சேரியில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் கேட்டார் என்று ஃபால்ஸ் சீலிங்கில் மைக்ரோவேவ் சென்சார் மாட்டி, லைட்டையும் ஃபேனையும் அதிலேயே கொடுத்தேன். மறுநாள் காலையில் போன் வந்தது: “ராத்திரி முழுக்க லைட் அணையவே இல்லைங்க.” போய் சென்ஸைக் குறைத்தேன், டைமைப் பத்து நொடிக்குக் குறைத்தேன், எல்லாரையும் வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு நின்றேன். ஐந்து நிமிடம் ஆகியும் கதவுக்கு அடியில் வெளிச்சம் அப்படியே இருந்தது. உள்ளே ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் பொறி தட்டியது. ஃபேனின் ஒயரைத் தனியாகக் கழற்றினேன். இறக்கை சுற்றி நின்றது. பத்துப் பன்னிரண்டு நொடியில் லைட்டும் அணைந்தது. சுழலும் இறக்கையைத்தான் அந்த சென்சார் ஆள் என்று நினைத்திருக்கிறது. ஃபேன் ஓடுவதால் சென்சார் விழித்திருக்கிறது, சென்சார் விழித்திருப்பதால் ஃபேன் ஓடுகிறது. அன்றிலிருந்து எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிற சின்ன பாத்ரூமில் நான் மைக்ரோவேவ் மாட்டுவதில்லை. ஷவர் தண்ணீர் விழுவதையும் அது அசைவு என்றே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவதாக, சமீபத்தில் வந்திருக்கும் பிரசென்ஸ் சென்சார்கள். இவை 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குகிற அசைவைக்கூடக் கண்டுபிடிக்கும், அதனால் அசையாமல் உட்கார்ந்திருப்பவரை இருட்டில் விடாது. எத்தனை அடிக்குள் பார்க்க வேண்டும் என்று அளவு வைக்கிற வசதி பலவற்றில் உண்டு. விலை அதிகம். செல்போனில் ஆப் போட்டு அமைக்க வேண்டியவையும் இருக்கின்றன. ஃபேன் இறக்கை இதன் பார்வையிலும் படக்கூடாது. வீட்டில் பொறுமையாக உட்கார்ந்து அமைக்க ஆள் இருந்தால் வாங்கலாம்.

ஈரப்பதத்தைப் பார்த்து ஃபேனை ஓட்டுகிற சென்சார் பற்றியும் பலர் கேட்பதுண்டு. யோசனை நல்லதுதான், ஊர்தான் ஒத்துழைக்காது. குளிர் நாடுகளில் 65, 70 சதவீதம் என்று வைத்துவிட்டால் குளிக்கும்போது மட்டும் ஓடும். சென்னையில் வெளிக்காற்றிலேயே பல நாள் ஈரப்பதம் 75, 80 சதவீதம். அப்படி வைத்தால் ஃபேன் நாள் முழுக்க ஓடும், அதுவும் வெளியே இருக்கிற ஈரக் காற்றையே உள்ளே இழுத்துக்கொண்டு. வாங்குவதாக இருந்தால், ஈரம் திடீரென்று ஏறுவதைப் பார்த்து ஓடுகிற வகையாகப் பாருங்கள். உலர்ந்த ஊரில் சாதாரண வகையே சமாளித்துவிடும்.

மின்சாரம் மிச்சமாகும் என்பதற்காகத்தான் சென்சார் என்றால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 வாட் எல்இடி லைட்டை நாள்தோறும் இரண்டு மணி நேரம் அணைக்க மறந்தால், இரண்டு மாத பில்லில் சுமார் 1 யூனிட். சென்சார் தான் விழித்திருக்க அரை வாட் எடுத்தால் அதே இரண்டு மாதத்துக்கு 0.7 யூனிட். லைட்டில் மிச்சம் என்று ஒன்றுமே இல்லை. ஃபேன் கதை வேறு. 35 வாட் ஃபேனை ராத்திரி எட்டு மணி நேரம் ஓடவிட்டால் இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 17 யூனிட். அதுவும் ஏசி அறையோடு சேர்ந்த பாத்ரூம் என்றால் நஷ்டம் ஃபேன் தின்னும் கரண்டோடு போகாது. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் உள்ளே இருப்பது 34 கன மீட்டர் காற்று. ஆறு அங்குல ஃபேன் மணிக்கு 200 கன மீட்டருக்கு மேல் தள்ளக்கூடியது. கதவு இடுக்கு, பைப் எல்லாம் தடுத்து அது பாதியாகக் குறைந்தாலும் 20 நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் அறையின் குளிர்ந்த காற்று மொத்தமும் வெளியே போகிறது. ஏசி ஓடிக்கொண்டே இருந்தும் அறை குளிரவில்லை என்று நினைப்பவர்கள் பாத்ரூம் ஃபேனைப் போய்ப் பார்ப்பது நல்லது.

ஆக, உங்கள் படுக்கையறை பாத்ரூமுக்கு லைட்டுக்குச் சீலிங்கில் பொருத்தும் பிஐஆர். இடம்தான் இங்கே முக்கியம். கண்ணாடித் தடுப்பு பெரும்பாலும் ஆறரை, ஏழு அடி உயரத்தில் நின்றுவிடும், சீலிங் ஒன்பது அடிக்கு மேல் இருக்கும். தடுப்பின் கோட்டுக்கு நேர் மேலே சீலிங்கில் மாட்டினால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மேலிருந்து பார்க்கும். கண்ணாடி குறுக்கே வராது. ஆனால் ஷவருக்கு அருகில் வருவதால், தண்ணீர் தெறித்தாலும் தாங்குகிற ஐபி 44 அல்லது அதற்கு மேல் போட்டது வேண்டும். கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது ஐபி 20, அது ஹாலுக்கும் படிக்கட்டுக்கும் உரியது. பாத்ரூம் ஆவியில் இரண்டு மழைக்காலத்தில் உள்ளே பச்சை பூத்துவிடும். கண்ணாடி சீலிங் வரை போகிறது என்றால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு சென்சார் மாட்டி, எது ஆளைப் பிடித்தாலும் லைட் எரிகிற மாதிரி இணைக்க வேண்டும். கீசருக்கு நேர் எதிரே பார்க்கிற மாதிரியோ, கதவு திறந்தால் கட்டில் தெரிகிற மாதிரியோ வேண்டாம். தவிர்க்க முடியவில்லை என்றால் லென்ஸில் அந்தப் பக்கத்துக் கட்டங்களை மட்டும் உள்பக்கமாக இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைத்துவிடலாம்.

ஃபேனுக்குச் சென்சார் வேண்டாம், டைமர் வையுங்கள். லைட்டுக்குப் போகிற ஒயரிலிருந்து டைமருக்கு ஒரு சைகை, அதோடு எப்போதும் இருக்கிற ஃபேஸ், நியூட்ரல். லைட் எரிந்தால் ஃபேன் ஓடும். லைட் அணைந்த பிறகு 15 நிமிடம் ஓடி நிற்கும். இன்னொரு ஏற்பாடும் கேளுங்கள்: லைட் போட்டு இரண்டு நிமிடம் கழித்தே ஃபேன் தொடங்கும் வகை. கை கழுவப் போனதற்கெல்லாம் அது ஓடாது, ராத்திரி ஒரு நிமிடம் போய் வந்தால் சத்தம் இருக்காது. டைமரே கிடைக்கவில்லை என்றால் ஃபேனுக்குத் தனியாக ஒரு பிஐஆர் மாட்டி, லக்ஸைச் சூரியப் படம் வரை திருப்பி, டைமை 15 நிமிடத்தில் வைக்கலாம். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் டைம் எதுவரை என்று படியுங்கள். மலிவானவற்றில் 7 நிமிடத்தோடு முடிந்துவிடுகிறவை நிறைய.

ஃபேன் ஓட உள்ளே காற்று வர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கதவுக்கு அடியில் ஒரு விரல் அளவு இடைவெளியாவது இல்லையென்றால் எந்த ஃபேனும் எந்த டைமரும் உதவாது.

மாமியார் போகிற பாத்ரூமுக்கு வருகிறேன். அவர் உள்ளே இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் இருட்டாகக்கூடாது. வயதானவர்கள் கமோடில் பத்து நிமிடம் அசையாமல் உட்காருவார்கள். திடீரென்று லைட் போனால் பதறி எழுந்திருப்பார்கள், தரையோ ஈரம். என் அம்மாவுக்கு அப்படி ஒரு தடவை நடந்தது. விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு பல நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே போனார். கையை ஆட்டினால் லைட் வந்துவிடும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 78 வயதில் பாதித் தூக்கத்தில் அது நினைவுக்கு வராது.

அதனால் அங்கே பிஐஆரில் டைம் 15 நிமிடம், அதற்குக் கீழே வேண்டாம். சென்சாரைக் கமோடுக்கு மேலே கொஞ்சம் முன்தள்ளி, கதவு திறந்ததும் வாசல் தெரிகிற மாதிரி மாட்டுங்கள். அதோடு சென்சாரில் சேராத ஒரு ஜீரோ வாட் எல்இடி பல்பு தனியாக எரிந்துகொண்டே இருக்கட்டும். அரை வாட்தான். சென்சார் தவறினாலும் கும்மிருட்டு ஆகாது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்குமான வழியிலும் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன மஞ்சள் சென்சார் லைட் வைத்தால், அவர் சுவரைத் தடவிக்கொண்டு வர வேண்டியதில்லை. பாத்ரூமுக்குள் பளீரென்ற வெள்ளை லைட் வேண்டாம்; தூக்கக் கலக்கத்தில் கண் கூசினால் அதுவே தடுமாற வைக்கும். ஃபேன் அங்கே சாதாரண ஸ்விட்சிலேயே இருக்கட்டும். வென்டிலேட்டர் இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஓடுகிற ஃபேன் யாருக்கும் தேவையில்லை. பகலில் குளித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்றால், அழுத்தினால் 15 நிமிடம் ஓடி நிற்கிற புஷ் பட்டன் டைமர் ஒன்று போடலாம்.

ஒயரிங் பக்கம் சில விஷயங்களை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி வையுங்கள். ஃபேஸ், நியூட்ரல், லோடு (லைட்டுக்கோ ஃபேனுக்கோ போவது) என்று மூன்று ஒயர் இருக்கிற சென்சாராக வாங்குங்கள். நியூட்ரல் இல்லாமல் இரண்டே ஒயரில் வேலை செய்பவை லைட் வழியாகவே கொஞ்சம் கரண்ட்டை இழுத்துக்கொண்டிருக்கும். எல்இடி அணைந்த பிறகும் மினுக்மினுக்கென்று தெரியும், ஃபேன் கொடுத்தால் உறுமும். உங்கள் ஸ்விட்ச் பாக்ஸில் நியூட்ரல் இல்லையென்றாலும் கவலையில்லை, லைட் பாயின்ட்டில் நிச்சயம் இருக்கும். சென்சாரைச் சீலிங்கில் லைட் பாயின்ட்டிலிருந்தே எடுத்து, சுவர் ஸ்விட்சை எப்போதும் போட்டபடி விடலாம். பழக்கத்தில் யாராவது அந்த ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள், கொஞ்ச நாளைக்கு அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைக்க வேண்டியிருக்கும். இன்னொரு ஒயர் இழுக்கப் பைப்பில் இடம் இருந்தால், சென்சார் கெட்டாலும் லைட்டை நேராகப் போடுகிற மாதிரி ஒரு பைபாஸ் ஸ்விட்ச் கட்டாயம் வையுங்கள். மாமியார் பாத்ரூமில் இது இல்லாமல் நான் வேலையை முடிக்க மாட்டேன்.

நிறத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. நிறைய சென்சார்களில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், சிவப்பு லோடுக்குப் போவது. நம் வீட்டு ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ், கறுப்புதான் நியூட்ரல். பழக்கத்தில் நீலத்தோடு நீலத்தை முறுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்சார் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும், நிறத்தைப் பார்த்து அல்ல.

பெட்டியில் 1200 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதும் பழைய குண்டு பல்பின் கணக்கு. எல்இடிக்கு அதே பெட்டியில் 300 வாட் என்று சின்னதாக இருக்கும். எல்இடி போடும் கணத்தில் கரண்ட்டை ஒரே மூச்சில் இழுக்கும், அதில் ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டால் லைட் அணையவே அணையாது. ஃபேனுக்கு மோட்டார் லோடு என்று தனியாக எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள், போடவே இல்லை என்றால் அதை ஃபேனுக்கு வாங்க வேண்டாம். இன்வெர்ட்டர் இருக்கிற வீடாக இருந்தால் சென்சாரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மலிவான சென்சார்கள் சூடாகிச் சீக்கிரம் போய்விடும், சைன் வேவ் என்றால் பிரச்சினை இல்லை. கரண்ட் போய் வந்ததும் லைட் தானாக எரிந்து ஒரு நிமிடத்தில் அணைவது கோளாறு அல்ல, சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. ஈரமான இடம் என்பதால் அந்த லைன் கரண்ட் கசிந்தால் சட்டென்று இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்குக் கீழே வருகிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும் எலெக்ட்ரீஷியனை உடனே அனுப்பிவிடாதீர்கள். டைமைக் கடைசிக்கு, அதாவது பத்து நொடிக்குக் குறையுங்கள், லக்ஸைச் சூரியனுக்குத் திருப்புங்கள், ஒரு நிமிடம் வெளியே காத்திருங்கள். அப்புறம் கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் உள்ளே வையுங்கள், லைட் வர வேண்டும். கமோடில் உட்கார்ந்து தலையை மட்டும் திருப்புங்கள். குளிக்கும் இடத்தில் நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி கையை உயர்த்துங்கள். கதவைச் சாத்திவிட்டு வெளியே இருவர் நடந்து பாருங்கள், உள்ளே எரியக்கூடாது. எங்காவது தவறினால் சென்சாரை அரை அடி நகர்த்த அப்போதே முடியும். எல்லாம் சரியான பிறகு டைமைக் கூட்டுங்கள். அன்று ராத்திரி மாமியாரை ஒரு முறை லைட் எரிகிறதா என்று நீங்களே உடன் அழைத்துப் போய்க் காட்டுங்கள். பைபாஸ் ஸ்விட்ச் எது என்று அவர் கையாலேயே ஒரு தடவை போடச் சொல்லுங்கள்.